செங்கழி நண்டைத் தின்னலாமா?

செங்கழி நண்டைத் தின்னலாமா, கூடாதா என்று என் மகள் ஜெயக்கொடி போனில் கேட்டாள். சரியான ஆளிடம்தான் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதற்காகவே மதுரையில் ஒரு ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. மூன்று மாடி, பன்னிரண்டு ஏசி, இருபத்தாறு பேர். இருபத்தாறாவது ஆள் நான்.

"மேல கேட்டுச் சொல்றேன் தாயி. அதுவரைக்கும் வாயில வைக்காத" என்றேன். மூன்று வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவள் சும்மா விடவில்லை. ஊரில் நாலைந்து வீட்டில் ஒளித்துப் பிடித்துக் குழம்பு வைக்க ஆரம்பித்துவிட்டார்களாம். அவளோ ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். வாய் நண்டுச்சாறு கேட்டது.

செங்கழி என்பது மதுரைக்குக் கிழக்கே பஸ்ஸில் நாலரை மணி நேரம் போனால் வருகிற ஒரு கழி. கடல் தரைக்குள் கையை நீட்டிப் படுத்துக் கிடப்பதுபோல் இருக்கும். அதன் வாயில் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு எண்ணெய்க் கப்பல் தரைதட்டிப் பிளந்தது. கழி கறுத்துப் போனது. அதிகாரிகள் வந்தார்கள், வாளியில் எண்ணெயை அள்ளுவதுபோல் போட்டோ எடுத்தார்கள், போனார்கள். ஆபீஸ் சொல்லுகிற வரைக்கும் அங்கே நண்டும் மட்டிச் சிப்பியும் எடுக்கக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். மகளை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை ஐஸ் கம்பெனி வண்டி ஓட்டுகிறார்.

போர்டில் சொன்ன ஆபீஸின் முழுப்பெயர் கடலோர நீள்காலப் பாதிப்பு ஆய்வு நிலையம். மேலூர் ரோட்டில் கிரானைட் பாலிஷ் போடுகிற பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தது. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் யானைமலை தெரியும். கடல் தெரியாது. ஏன் கடற்கரையில் வைக்காமல் இங்கே வைத்தார்கள் என்பது எனக்கு முதல் சந்தேகம். டைரக்டர் அசோக்குமார் ஒரு ஆண்டு விழாவில் அதற்கு விளக்கம் சொன்னார்.

"கடற்கரையில் வைத்தால் உப்புக்காற்றில் மெஷின் துருப்பிடிக்கும். அதைவிட முக்கியம், தினமும் கடலைப் பார்க்கிறவனுக்குக் கடல்மேல் ஒரு பாசம் வந்துவிடும். பாசம் வந்தால் நடுநிலை போய்விடும். நான் பதவிக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. இன்றுவரை செங்கழியை நான் பார்த்ததில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

நான் கல்குவாரியில் இருபது வருஷம் லோடு ஏற்றியவன். இடுப்பு போன பிறகு இந்த ஆபீஸில் தினக்கூலியாக எடுத்தார்கள். லேபிள் வாசிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். லாரிச் சீட்டு வாசிப்பதற்காக நாற்பது வயதுக்குமேல் கற்ற எழுத்து அப்போது கைகொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செங்கழியிலிருந்து ஐஸ் பெட்டியில் சேறும் மட்டியும் நண்டும் பஸ்ஸில் வரும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறக்கி, ஆபீஸுக்குக் கொண்டுவந்து, ஒப்படைப்பது என் வேலை.

ஒப்படைக்க வேண்டியது சூப்பிரண்டு ஹாலாஸ்யம் சாரிடம். ரிஜிஸ்டரில் அவர் பதிந்த பிறகுதான் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். சேர்ந்த அன்றைக்கே அவர் எச்சரித்தார். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த காளை என்பவன் பெட்டியை அப்படியே கொண்டுவந்து மேஜையில் வைத்தானாம். ரிஜிஸ்டரில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. நாற்றம் ஏசி வழியாக ஏறி டைரக்டர் ரூமுக்குப் போய்விட்டது. அசுத்தமான மாதிரியை ஒப்படைத்ததாக மெமோ கொடுத்து அவனை அனுப்பிவிட்டார்கள்.

"புரிஞ்சுதா நல்லகாமா? மாதிரின்னா மாதிரியா இருக்கணும்" என்றார்.

எனக்குப் புரிந்தது. முதல் பெட்டியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் பங்க்கில் நிற்பதுபோல் வாடை. நண்டு ஓட்டில் தார் அப்பியிருந்தது. பெரிய மனுஷர் கையில் கொடுக்கிற பொருளை இப்படியே கொடுப்பதா என்று பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். பாத்திரம் தேய்க்கிற சோப்புத்தூளும் தேங்காய் நாரும் போட்டு ஒவ்வொரு நண்டாகத் தேய்த்தேன். காலிடுக்கு விடவில்லை. மட்டியின் வாயைத் திறந்து அலசினேன். மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு. சேறுதான் சோதித்தது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கறுப்பாகவே வந்தது. ஏழாவது வாளியில் தெளிந்தது. கடைசியில் அடியில் நின்றது ஒரு கை வெள்ளை மணல். அதை மாடியில் காயவைத்துப் பாட்டிலில் போட்டேன்.

ஹாலாஸ்யம் சார் ஒரு நண்டைக் காகிதத்தால் பிடித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது. 'மாதிரி மிக நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று பதிந்தார். அந்த வருஷம் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள்.

ஆய்வகத்தில் இருந்த பிருந்தா மேடம் மட்டும் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார்களாம், சேறு கேட்டால் மணல் வருகிறதே என்று. சுத்தமான சேறு மணலாகத்தான் இருக்கும் என்று ஹாலாஸ்யம் சார் அந்தக் குறிப்பின் மேலேயே எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படியே மூன்று வருஷம்.

ஜெயக்கொடி போன் செய்த வாரத்தில்தான் ஆண்டுக் கூட்டம். டீ கொண்டுபோனேன். சுவரில் ஒரு கோட்டுப்படம் ஓடியது. இடது பக்கம் கோடு உயரத்தில் நேராகப் போனது. நடுவில் ஒரு புள்ளி. அதற்கப்புறம் பாறையிலிருந்து விழுந்த மாதிரி தரைக்கு வந்து படுத்துக்கொண்டது.

"இந்தப் புள்ளியைப் பாருங்கள்" என்றார் டைரக்டர். "இந்த மாதத்தில் கடல் ஒரு முடிவெடுத்திருக்கிறது. தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வது என்று. உலகத்தில் எங்கேயும் இவ்வளவு வேகம் கிடையாது. இதற்கு நாம் கடலின் தன்னாற்றல் என்று பெயர் வைத்திருக்கிறோம்."

புள்ளிக்குக் கீழே மாதமும் வருஷமும் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்த மாதம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த மாதம்.

எனக்குக் கடல்மேல் சந்தேகம் வந்தது. அதற்கு நான் வேலைக்குச் சேர்ந்தது எப்படித் தெரியும்?

வெளியே வந்து ஜெயக்கொடிக்குப் போன் போட்டேன். கழி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பார்க்க நல்லாத்தான்ப்பா இருக்கு. தண்ணி தெளிவா கெடக்கு. காலை வச்சா மட்டும் கலர் கலரா மேல வருது. மட்டி எல்லாம் வெரல் நகம் தண்டிதான். அதுக்குமேல வளரல."

"நண்டு?"

"நண்டு ஓட மாட்டேங்குதுப்பா. முந்தியெல்லாம் நெழல் பட்டாலே வளைக்குள்ள போயிரும். இப்பக் கைய நீட்டுனா அப்படியே நிக்குது. வளையும் நேரா எறங்கல. ஒரு சாண் எறங்கி சைடுல திரும்பிருது. கீழ எதையோ கண்டு பயந்த மாதிரி. இவுக என்னடான்னா, நண்டு சாதுவாயிருச்சுங்கறாக."

நேரே பிருந்தா மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கழுவுனீங்களா?"

"சோப்புப் போட்டு, மேடம்."

"சேத்தையுமா?"

"ஏழு தண்ணி."

அவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, எண்ணெய் மேல காஞ்சிரும், காத்துல போயிரும். சேத்துக்குள்ள போனது போகாது. ஒரு சாண் கீழ காத்தே கிடையாது. அது அப்படியே வருஷக்கணக்குல இருக்கும். மட்டி அந்தச் சேத்தைத்தான் வடிகட்டித் திங்குது. நண்டு அதுலதான் வளை தோண்டுது. நமக்கு வேணும்னு கேட்டதே அந்த அழுக்கைத்தான்."

அழுக்கு வேண்டும் என்று கேட்கிற ஆபீஸில், அழுக்கோடு கொடுத்த காளையை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு டைரக்டர் ரூமுக்குப் போனார்.

மறுநாள் விசாரணை வைத்தார்கள். நீளமான மேஜை. ஒரு முனையில் என்னை நிற்கவைத்து, ஏன் கழுவினாய் என்று கேட்பார்கள் என நினைத்தேன். ஏன் சொன்னாய் என்று கேட்டார்கள். யார் தூண்டினார்கள், பத்திரிகைக்காரன் யாராவது பழக்கமா, மேலூரில் எந்தக் கட்சி என்று ஹாலாஸ்யம் சார் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மகள் கேட்டாள், அதனால் சொன்னேன் என்றேன். மகள் எந்தக் கட்சி என்று கேட்டார்.

டைரக்டர் எழுந்தார். கோபப்படவில்லை. மிகவும் பொறுமையாகப் பேசினார்.

"இவர் கழுவியது தப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்போது மூன்று வருஷ ரிசல்ட் தப்பு. ரிசல்ட் தப்பாக இருக்க முடியாது. ஏனென்றால் அதைச் சரிபார்த்த கமிட்டியில் நானே இருக்கிறேன். சரி, இனிமேல் கழுவாமல் கொடுக்கச் சொல்வோம். என்ன ஆகும்? எண்ணெய் கூடும். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். புதிதாகக் கப்பல் வரவில்லை, கசிவு இல்லை. அப்படியானால் அந்த எண்ணெய்க்கு யார் பொறுப்பு? கழுவாமல் விட்ட நல்லகாமன்தான் பொறுப்பு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் எனக்கே நான்தான் கப்பலை உடைத்தேனோ என்று இருந்தது.

"ஒரு கடலை இந்த ஆபீஸ் மறுபடியும் அசுத்தப்படுத்த நான் அனுமதிக்க மாட்டேன்" என்று முடித்தார்.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. கழுவுவது இனி விதி. ஏழு தண்ணீர் என்பது குறைந்தபட்சம். எனக்கு ரப்பர் கையுறையும், முதுநிலை மாதிரித் தூய்மையாளர் (பொறுப்பு) என்ற பெயரும் கொடுத்தார்கள். ஒழுங்காகக் கழுவுகிறேனா என்று பார்க்கக் குழாயடியில் கேமரா வைத்தார்கள். பிருந்தா மேடத்தை அலங்காநல்லூருக்கு மாற்றினார்கள், கண்மாய் நத்தைப் பிரிவுக்கு. அப்படி ஒரு பிரிவு அங்கே இல்லை என்று போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இல்லாத பிரிவுக்கு அவரே பொறுப்பு என்று இன்னொரு உத்தரவு போயிற்று.

ஜெயக்கொடி வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாள். நான் என் பங்கைச் சொன்னேன்: "நான் கழுவுனதுனாலதான் சுத்தமா தெரியுது தாயி. தின்னாத." அவள் நம்பினாள். அவள் மாமியார் நம்பவில்லை. அம்புட்டுப் பெரிய ஆபீஸுக்குத் தெரியாதது பெட்டி தூக்குற ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும் என்று கேட்டாளாம். ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தை எழுத்தில் வந்தால் ஒழிய ஊர் கேட்காது போலிருந்தது. அந்த எழுத்தும் வரத்தான் போகிறது, தின்னலாம் என்று.

ஏனென்றால் அடுத்த மாதம் கடல் மீட்சி விழா. மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். மேடையில் எல்லோர் முன்னாலும் டைரக்டர் செங்கழி நண்டைச் சாப்பிட்டுக் காட்டுவார். அதோடு போர்டை எடுத்துவிடுவார்கள். அதற்காகச் செங்கழியிலிருந்து இரண்டு பெட்டி நண்டு வந்தது. கேமரா பார்க்கப் பார்க்கக் கழுவி, ஐஸில் வைத்தேன்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் ஹாலாஸ்யம் சார் கூப்பிட்டு ஒரு பையைக் கையில் கொடுத்தார். கரிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போய் நல்ல நண்டாக வாங்கி வரச் சொன்னார்.

"ரெண்டு பெட்டி நண்டு நம்மகிட்டயே இருக்கே சார்."

"அது மாதிரிய்யா. சமையலுக்கு வேற வேணும். எந்தக் கடல் நண்டா இருந்தாலும் பரவாயில்ல. செங்கழி நண்டா மட்டும் இருக்கக் கூடாது. கேட்டு வாங்கு."

"ஏழு தண்ணி கழுவியிருக்கேன் சார்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கழுவுனது ரிசல்ட்டுக்குப் போதும் நல்லகாமா. வயித்துக்குப் போதுமா? டைரக்டர் பிள்ளைகுட்டிக்காரர்."

என் மகளும் பிள்ளைகுட்டிக்காரி ஆகப்போகிறவள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படிவத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

ஹாலாஸ்யம் சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷ சர்வீஸில் படிவம் இல்லாமல் ஒரு விளக்குமாறு வாங்கியவர் இல்லை. ஸ்டோர் விதிப்படி கையிருப்பில் இருக்கிற பொருளை வெளியில் வாங்கக் கூடாது. வாங்கினால் காரணம் எழுத வேண்டும். கையிருப்பில் இரண்டு பெட்டி நண்டு இருந்தது. அதை அவரே ரிஜிஸ்டரில் ஏற்றியிருந்தார்.

விழா அவசரம் என்று எழுதிப் பார்த்தார். அது செல்லாது, அடித்தார். சமையல்காரர் விருப்பம் என்று எழுதினார். அதையும் அடித்தார். விதிப்புத்தகத்தில் மூன்றே காரணங்கள்தான் செல்லும். கையிருப்பு தீர்ந்தது, கையிருப்பு உடைந்தது, கையிருப்பு பயன்பாட்டுக்குத் தகுதியற்றது. நண்டு தீரவில்லை. ஒரு காலாவது உடைந்திருக்கிறதா என்று என்னைப் பார்த்துவரச் சொன்னார். போய்ப் பார்த்தேன். நான் அவ்வளவு கவனமாகக் கழுவியிருந்தேன், ஒன்றுகூட உடையவில்லை.

பெருமூச்சு விட்டுப் புதுப் படிவம் எடுத்தார். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார். விவரம் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'செங்கழி நண்டு. மனிதர் உண்ணத் தகுதியற்றது.' சீல் வைத்து டைரக்டரிடம் கொண்டுபோனார். டைரக்டர் ஒரு முறைக்கு இருமுறை வாசித்தார்.

"கரெக்டா எழுதியிருக்கீங்க. பின்னாடி ஆடிட்ல ஒரு கேள்வி வரக் கூடாது பாருங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

படிவம் மூன்று பிரதி. ஒன்று ஸ்டோருக்கு, ஒன்று கணக்குப் பிரிவுக்கு, ஒன்று வாங்கப் போகிற ஆளுக்கு. மூன்றாவதை என் கையில் கொடுத்தார்கள்.

கோரிப்பாளையத்தில் பஸ் மாற வேண்டும். ஜங்ஷனில் ஒரு ஓரமாக நின்று அந்தத் தாளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆறு வருஷம், இருபத்தாறு பேர், பன்னிரண்டு ஏசி. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். கடைக்கார பாய் பெரிதாக்கி எடுத்துத் தந்து, போட்டோவும் எடுத்து ஜெயக்கொடி நம்பருக்கு அனுப்பிக் கொடுத்தார். அவரும் வாசித்தார். "என்ன அண்ணே, மீன் மார்க்கெட் போர்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு கரிமேட்டுக்குப் போய் நண்டு வாங்கிவந்தேன். சொன்ன வேலையைச் செய்ய வேண்டும் அல்லவா.

விழா நன்றாக நடந்தது. டைரக்டர் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினார். மண்டபம் கை தட்டியது. "கடல் தன்னைத் தானே கழுவிக்கொண்டது" என்றார். நான் மேடைக்குப் பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் செங்கழியில் ஐஸ் கம்பெனி கேட்டில் அந்தப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். டைரக்டர் கையெழுத்தும் ஆபீஸ் சீலும் இருந்ததால் என் சம்பந்தி அம்மாள் உடனே நம்பிவிட்டாள். நாலைந்து வீட்டுக் குழம்பும் கொட்டப்பட்டது.

மறுநாள் போன்மேல் போன். படிவம் போலி என்று சொல்ல டைரக்டருக்கு ஆசைதான். சொன்னால் நண்டு வாங்கியதும் போலியாகிவிடும் என்று ஹாலாஸ்யம் சார் தடுத்துவிட்டார். யோசித்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தகுதியற்றது என்று சொன்னது, பிடித்த இடத்தில் கழுவாமல் பஸ்ஸில் வந்த நண்டை. ஆகவே இனி நண்டுகளையும் சேற்றையும் செங்கழியிலேயே கழுவ ஆவன செய்யப்படுகிறது. அதற்காகப் பணியாளர் நல்லகாமன் அங்கே அனுப்பப்படுகிறார்.

ஒரு மூட்டை சோப்புத்தூளும் இரண்டு டஜன் தேங்காய் நாரும் கொடுத்து அனுப்பினார்கள்.

மகள் வீட்டில் தங்கிக்கொண்டேன். முதல் நாள் காலை கழியில் இறங்கினேன். தண்ணீரில் ஆகாயம் தெரிந்தது. காலை வைத்ததும் வானவில் மாதிரி வட்டம் வட்டமாக மேலே வந்தது. கையால் ஒரு சாண் தோண்டினேன். கறுப்பாக ஊறி, குழியை நிரப்பிக்கொண்டது. அதே வாடை. பக்கத்தில் ஒரு நண்டு நின்றது. விரலால் அதன் முதுகைத் தொட்டேன். ஒரு காலைத் தூக்கி, ஓடலாமா என்று யோசித்து, மறுபடி கீழே வைத்துக்கொண்டது.

உத்தரவுக்காக அந்த ஒரு நண்டைக் கழுவினேன். திரும்ப விட்டேன். அது அதே சேற்றுக்குள்ளேயே போனது. மூட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டேன்.

அந்தக் காலாண்டுப் பெட்டியில் சேற்றைச் சேறாகவே அள்ளி வைத்தேன். லேபிளில் 'கழுவியது' என்று எழுதினேன். இங்கே கழுவுவதாக உத்தரவு இருந்ததால் மதுரையில் யாரும் மறுபடி கழுவவில்லை. ஹாலாஸ்யம் சாரும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகவில்லையாம், லேபிளே போதும் என்று.

இரண்டு மாதம் கழித்து மெமோ வந்தது. 'தாங்கள் செங்கழியைச் சரிவரக் கழுவாத காரணத்தால் எண்ணெய் அளவு ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்கு உயர்ந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

ஏழு நாள் தேவைப்படவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன்.

'ஐயா, கழுவினேன். மேலே சுத்தமாக இருக்கிறது. ஒரு சாணுக்குக் கீழே என் கை எட்டவில்லை. எட்டுகிற கை உள்ளவர்கள் நேரில் வந்து கழுவவும். வரும்போது சாப்பாடு கொண்டுவரவும். இங்கே நண்டு கிடையாது.'

மடித்து உறையில் போட்டேன். ஜெயக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். பருப்புக் குழம்பும் முட்டையும் வைத்திருந்தாள்.